ஏறக்கூடாத டிகிரி

எங்கள் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலில் ஒரு வளைந்த கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் அதில் கரண்டு பில்லைக் குத்தி வைப்பார்கள். எங்கள் வீட்டில் காலி மாத்திரை அட்டைகள். ஒன்பது வருஷமாக என் வீட்டுக்காரர் குத்திக்கொண்டு வந்தார். கம்பி நிறைந்ததும் கழற்றி, அட்டைகளைச் சிமெண்டுப் பைக்குள் கொட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுவார். எதுக்குங்க இந்தக் குப்பை என்று கேட்டால், "இருக்கட்டும். நீ முழுங்கினதுக்கு ஒரு சாட்சி வேணாமா?" என்பார்.

அந்தச் சாட்சியைத்தான் நான் இந்த வருஷம் மாசி மாதத்திலிருந்து பொய்ச்சாட்சி ஆக்கினேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு இருப்பது ரத்தப் புற்றுநோய். அதில் மெதுவாகப் போகிற வகை. இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் இருந்தது. வாயுத் தொல்லை என்று ஒரு வருஷம் பூண்டு சாப்பிட்டேன். பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ரத்தத்திலேயே கோளாறு என்றார்கள். அன்றைக்கு டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பயப்படாதீங்க. சக்கரை வியாதிக்கு மாத்திரை போடற மாதிரி தினம் ஒண்ணு போட்டுனே இருந்தா, நீங்க பாட்டுக்கு இருக்கலாம்." என்னை அதில் 'இருக்கலாம்' என்கிற சொல்தான் பிடித்துக்கொண்டது. இருப்பீர்கள் என்று ஏன் சொல்லவில்லை? பஸ் மரக்காணம் வந்து சேருகிறவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் அப்படித்தான். பால் பொங்கினால் அடுப்பு அணைந்துவிடுமோ என்றும், பொங்காவிட்டால் பால் திரிந்துவிட்டதோ என்றும் கவலைப்படுகிறவள்.

பெருமுக்கல் மலையடிவாரத்தில் பிறந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒன்பதாவது படிக்க பஸ் ஏறிப் போக வேண்டும், அனுப்பவில்லை. கல்யாணம் பண்ணிக் கடற்கரைக்கு வந்தேன். உப்பளத்தில் தலைச்சுமையாக உப்புத் தூக்கினேன். நோய் வந்த பிறகு தூக்க முடியவில்லை. கூடை முக்கால் நிறைந்தாலே கண் இருட்டும்.

எழுத ஆரம்பித்தது ஆஸ்பத்திரி வரிசையில். காலையில் சீட்டுப் போட்டால் சாயங்காலம் வரைக்கும் பெஞ்சு. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேசுவதை சீட்டுக்குப் பின்பக்கம் எழுதி வைத்தேன். பிறகு நோட்டு வாங்கினேன். பிறகு உப்பளத்தைப் பற்றி எழுதி ஒரு சின்னப் பத்திரிகைக்கு அனுப்ப, போட்டார்கள். என் ஒற்றெழுத்தெல்லாம் தப்பாக இருக்கும். அவர்கள் திருத்திக்கொள்வார்கள். இன்னும் அனுப்புங்க என்று ஒரு கார்டு வந்தது. அந்தக் கார்டு இப்போதும் என் பேனா டப்பாவின் அடியில் கிடக்கிறது. அந்த டப்பாவைப் பற்றி பின்னால் சொல்கிறேன்.

நான் எழுதுவது எல்லாம் காலையில் நடக்கும்போது கிடைப்பதுதான். உப்பளத்துக்குள் வரப்பு மேலேயே நடந்தால் கழுவெளி ஏரித் தண்ணீர் வரைக்கும் போகலாம். மாசி முதல் வைகாசி வரைக்கும் அங்கே பூநாரைகள் நிற்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, எதையோ தொலைத்த மாதிரி தேடிக்கொண்டிருக்கும். உள்ளான் குருவிகள் ஓடிக்கொண்டே இருக்கும், நின்று தின்னத் தெரியாதவை. ஆறு மணிக்குப் போனால் எட்டரை வரைக்கும் பார்க்கலாம். அதற்குப் பிறகு வெயில், உப்புப் பாத்திகளின் வெளுப்பில் பட்டுக் கண்ணைக் குத்தும். பறவைகளும் தள்ளிப் போய்விடும்.

இடைஞ்சல் மாத்திரைதான். காலையில் சாப்பிட்டதும் போட வேண்டும் என்று சீட்டில் இருந்தது. போட்ட அரைமணி நேரத்தில் வயிறு குமட்டும். கண்ணைச் சுற்றி நீர் கோர்த்துக்கொண்டு, தூங்கி எழுந்த முகமாகவே பகல் முழுக்க இருப்பேன். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்ளும். வரப்பு மேல் நடக்கும்போது முறுக்கினால் பாத்திக்குள்தான் விழ வேண்டும். ஒரு தடவை விழுந்தேன். அன்றைக்கு உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் தூக்கி விட்டுவிட்டு, "அக்கா, நீ கெட்டுப்போவாம இருக்க உப்புல ஊறவச்சிட்டோம்" என்று சிரித்தார்கள்.

இந்த மாசியில் ஒருநாள், சத்தியமாக மறந்துதான், மாத்திரை போடாமல் கிளம்பிவிட்டேன். அன்றைக்குக் குமட்டல் இல்லை. கால் லேசாக இருந்தது. தண்ணீர் ஓரம் வரைக்கும் போய், உட்கார்ந்து, ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது. இன்றைக்குச் செத்துவிடுவேனோ என்று சாயங்காலம் வரைக்கும் நாடி பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் கெடுத்தது. அடுத்த வாரம் ஒருநாள் விட்டேன். பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று. வீட்டுக்காரர் விடியுமுன்னே உப்பு வாரப் போய்விட்டு, பத்து மணிக்கு வந்து கம்பியில் குத்த அட்டை தேடுவார். அதனால் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பேனா டப்பாவுக்குள் போட்டுவிடுவேன். தூக்கிப்போட மனசு வரவில்லை. தூக்கிப்போட்டால் அது உண்மையாகவே சாப்பிடாததாக ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. காலி அட்டையை அவர் வாங்கிக் குத்துவார். கடற்காற்றில் ஈரம் ஏறி, டப்பாவுக்குள் மாத்திரைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

இந்த மாத்திரைக்கு இன்னொரு குணம் உண்டு. தோலை வெளுப்பாக்கும். நான் கல்யாணத்தின்போது உப்பளத்து ஆளுங்களை விடக் கருப்பு. நோய் வந்து மூன்று வருஷத்தில் மாநிறம் ஆகிவிட்டேன். எதிர்வீட்டுப் பெண், என்னோடு உப்புத் தூக்கினவள், பார்க்கிறபோதெல்லாம் கேட்பாள். "இன்னாக்கா, வர வர கலர் ஆவுற. இன்னா கிரீம் போடற, எனக்கும் சொல்லேன்."

"புற்றுநோய் கிரீம். உனக்கு வாணாம்."

"ஏன், நாங்கல்லாம் செவக்கக் கூடாதா?"

அவள்தான் சித்திரையில் ஒருநாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா, மறுபடியும் எங்க கலருக்கே வந்துட்ட." கையை இழுத்துக்கொண்டேன். வெயில்ல நடக்கறேன் இல்ல, அதான் என்றேன். அவள் நம்பினாள். அன்றிலிருந்து வீட்டுக்காரர் வருகிற நேரத்தில் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டேன். அவருக்கு என் நிறமெல்லாம் கண்ணில் படாது; இருந்தாலும் போட்டுக்கொண்டேன்.

மூன்று மாசத்துக்கு ஒருமுறை பெரிய ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு எண்ணாகச் சொல்லும். எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. இது எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது. டாக்டர் அறைக்குள் ஓர் ஆளைத்தான் விடுவார்கள். அவர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். "இன்னா சொன்னாங்க?" என்பார். "நல்லா இருக்குதாம்" என்பேன். ஒன்பது வருஷமாக எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. எண்ணைப் பற்றிச் சொன்னதே இல்லை. சொன்னால் அவரும் சேர்ந்து கவலைப்படுவார், அந்தக் கவலையைப் பார்த்து நான் இன்னும் கவலைப்படுவேன்.

ஆனியில் ரிசல்ட் காகிதம் வாங்கப் போனோம். டாக்டரைப் பார்க்க அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருந்தது. கவுண்டரில் கொடுத்த காகிதத்தை நான் மடித்தபடியே பைக்குள் வைத்துவிட்டேன், பிரிக்கப் பயம். திரும்பி வரும் பஸ்ஸில், அனுமந்தை தாண்டியபோது, அவர் தண்ணீர் பாட்டில் எடுக்கப் பைக்குள் கைவிட்டார். காகிதம் வந்தது. பழைய காகிதமும் கூடவே வந்தது. இரண்டையும் தொடைமேல் விரித்து வைத்துப் பார்த்தார்.

"இந்தா, போன தபா பூஜ்யம் புள்ளி போட்டு இருக்குது. இந்த தபா புள்ளிக்கு முன்னாலயே ஒண்ணு இருக்குது."

நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்று இருந்தது.

"டிகிரி ஏறியிருக்குதுடி" என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

அவர் மேல் தப்பு இல்லை. உப்பளத்தில் முப்பது வருஷமாக அவர் பார்ப்பது அந்த ஓர் எண்ணைத்தான். பாத்தித் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்ப்பார். கடலிலிருந்து வரும்போது மூன்று டிகிரி. வெயிலில் காயக் காய ஏறும். பத்து, பதினெட்டு, இருபத்தஞ்சு. இருபத்தஞ்சில் உப்பு இறங்கும். எண் ஏறுவது என்றால் அவருக்கு விளைச்சல், வெயில் நன்றாக அடித்தது, கடவுள் கண் திறந்தார். மழை பெய்தால் எண் இறங்கும். இறங்குவதுதான் அவருக்குத் தெரிந்த கெடுதல்.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகுமுன் அவர் டீக்கடையில் சொல்லிவிட்டார். தெருவில் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுப் பெண் கிண்ணத்தில் வஞ்சிரக் குழம்பு கொண்டுவந்து, "ஏறிடுச்சாமே அக்கா, மாமா சொன்னாரு. நாளையிலேர்ந்து கூடை தூக்க வந்துடு" என்றாள். குழம்பைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. பயத்தில் இருக்கும்போதும் நாக்குக்கு ருசி தெரிவது எனக்கு அவமானமாக இருந்தது.

அன்று முதல் ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டேன். குமட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தேன். நடக்கப் போகவில்லை. நோட்டைத் தொடவில்லை. ஆனால் அந்த எண் காகிதத்தில் உட்கார்ந்துவிட்டதே. இடது விலாவை ஒரு நாளைக்கு இருபது தடவை அமுக்கிப் பார்த்தேன். மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நோய் அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அது கேட்காது என்று வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் எப்போதோ சொன்னதை நானே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவைத்த எனக்கே அது உறைக்கவில்லை.

அந்த வாரமே அவர் சொன்னார். "ஞாயித்துக்கெழம பெருமுக்கல் போறோம். மலையேறி கோயில்ல தேங்கா ஒடைக்கறதா வேண்டிக்கினேன். உனுக்குந்தான் அந்த மலை மேல ஆசையாச்சே."

ஆசைதான். சின்ன வயதில் ஆடு மேய்த்த மலை. நோய் வந்த பிறகு ஏறியதே இல்லை. கூட்டிப் போங்க என்று எத்தனையோ தடவை கேட்டு, முடியாது, விழுந்துடுவே என்று சொன்னவர், இப்போது தானாகக் கூப்பிடுகிறார். எதற்காக என்று நினைத்தபோது மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

முதல் பஸ்ஸில் போய் இறங்கி, வெயில் ஏறுமுன் மலையேறினோம். பாதி வரைக்கும் நான் நிற்காமல் ஏறினேன். பாதிக்கு மேல் பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்தேன். அவர் தேங்காய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்று, காத்திருந்து, மறுபடி போனார். ஒரு பாறை நிழல் வந்தபோது நான் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சந்தான். மூச்சு வாங்குதா?"

"உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"மேல போய் சொல்லு."

"மேல போனா சொல்ல மாட்டேன்."

உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் தேங்காய்ப் பை இருந்தது. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"பாத்தியில இருபத்தஞ்சு டிகிரி வந்தா உப்பு எறங்கும். முப்பது தாண்டிட்டா?"

"இன்னாத்துக்கு இப்ப அது?"

"சொல்லுங்க."

"கசந்துடும். அந்தத் தண்ணியில எறங்குற உப்ப மாடு கூட நக்காது. மடையத் தொறந்து வுட்டுட வேண்டியதுதான்."

"என் காகிதத்துல ஏறியிருக்கறது அந்த டிகிரிங்க."

ஒன்பது வருஷமாகச் சொல்லாததை அவர் ஒரே நொடியில் புரிந்துகொண்டார். கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார்.

"மருந்து கேக்கலியா?"

"மருந்து கேக்குது. நான்தான் சாப்புடல."

டப்பாவைப் பற்றிச் சொன்னேன். எந்த நாள் விட்டேன், ஏன் விட்டேன் எல்லாம் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எல்லா அட்டையும் என் கையாலதானே குத்துனேன்" என்றார். மறுபடியும் அதையே சொன்னார்.

பிறகு, "குருவி பாக்கறதுக்கா?" என்றார்.

"நடக்கறதுக்கு. எழுதறதுக்கு."

"ஊர்ல அவனவன் குடிக்கறதுக்காக மாத்திரைய வுடறான். நீ குருவி பாக்கறதுக்காக வுட்டிருக்க."

சிரிப்பதற்காகச் சொன்னதில்லை. ஆனால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து இருமலாகப் போனது. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். கீழே ஏரியில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மேலே வரை வந்தது.

"இப்ப இந்தத் தேங்காய இன்னா பண்றது?" என்றார்.

நன்றி சொல்லக் கொண்டுவந்தது. நன்றி சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சட்னி அரைத்தால் தெய்வக்குற்றம். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"நீ இங்கயே இரு. நான் போய் வேண்டுதல மாத்திட்டு வர்றேன்."

அவர் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழக்கே வெகுதூரத்தில் வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தது. உப்பளமா, வெயிலா என்று சொல்ல முடியவில்லை. பைக்குள் நோட்டு இருந்தது. எடுக்கவில்லை.

டாக்டரைப் பார்க்கப் போன அன்று, வாசலில் நின்ற ஆளிடம் சண்டை போட்டு வீட்டுக்காரரும் உள்ளே வந்தார். நான் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். சின்ன வயசு டாக்டர், இந்த வருஷம்தான் வந்தவர். ஒட்டிக் கிடந்த மாத்திரைகளையும், அடியில் கிடந்த கார்டையும், என்னையும் பார்த்தார்.

"ஏன்மா விட்டீங்க?"

"காலையில போட்டா நாள் முழுக்க எழுந்திரிக்க முடியல டாக்டர்."

"அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கோங்க. வயிறு நெறைய சாப்பிட்டுட்டு போடணும், அவ்வளவுதான். இத ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் சீட்டில் 'காலை' என்கிற கட்டத்தில் பேனாவால் டிக் போட்டிருந்தார்கள். டிக் போட்டதை மாற்றலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் டிக் போட்டால் அது சரி, அவ்வளவுதான். எட்டாவதோடு நின்றவளுக்கு அதற்கு மேல் கேள்வி கேட்கத் தெரியவில்லை. மாத்திரையை விட்டதும் கேட்காமல் இருந்ததும் இரண்டுமே என் முட்டாள்தனம்தான் என்று தெரிந்தபோது கோபப்படக்கூடத் தெம்பில்லை.

டாக்டர் சொன்னார். மூன்று மாசம் ஒரு வேளை விடாமல் சாப்பிட வேண்டும். எண் இறங்கினால் இதே மாத்திரை. இறங்காவிட்டால் வேறு மாத்திரை, அது உடம்பை இன்னும் படுத்தும். "எறங்கறதுக்கு சான்ஸ் இருக்கு" என்றார். இருக்கு என்றுதான் சொன்னார், இருக்கலாம் என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

இப்போது ராத்திரிதான் மாத்திரை. வீட்டுக்காரர் கம்பியைக் கழற்றிவிட்டார். அட்டையை நம்புவதில்லை. தண்ணீரைக் கையில் கொடுத்து, எதிரில் நின்று, நான் முழுங்கியதும், "ஆ காட்டு" என்கிறார். "நாக்கத் தூக்கு." ஐம்பதை நெருங்குகிறவள் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, பல்லு பாத்து மாடு புடிக்கிறியா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. டீக்கடையிலும் தெருவிலும் அவரேதான் போய், ஏறினது தப்பு, எறங்கணும் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்காக அவர் செய்ததிலேயே அதுதான் கஷ்டமானது என்று நினைக்கிறேன்.

காலைகள் திரும்பக் கிடைத்துவிட்டன. ஆனால் ராத்திரி கால் முறுக்குகிறது, தூக்கம் வருவதில்லை. ஆறு மணிக்கு வரப்பில் ஏறினால் கண் எரிகிறது. பாதி தூரம் போய் உட்கார்ந்துவிடுகிறேன். நான்கு பக்கம் எழுதிய அந்த மாசிக் காலை மாதிரி இதுவரை ஒன்றும் வரவில்லை. அந்தக் காலை எனக்குச் சொந்தமில்லாத காலை என்று சில நாள் தோன்றும். சில நாள், இல்லை, அதுதான் என்னுடையது, மற்றதெல்லாம் மாத்திரையுடையது என்று தோன்றும்.

போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். புரட்டாசி மழை வந்துவிடும் போல இருக்கிறது; இந்த வருஷத்து உப்பு முடிந்தது. இன்றைக்குக் காலையில் அவர் கடைசிப் பாத்தியில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் வரப்பில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"எவ்ளோங்க?"

"முப்பத்தொண்ணு."

மண்வெட்டியால் மடையைத் திறந்தார். கசப்புத் தண்ணீர் கால்வாயில் இறங்கிப் போனது. போய் முடிய நேரமாகும். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிசல்ட் எப்போது என்று கேட்கவில்லை, அவருக்கே தெரியும், வியாழக்கிழமை. இரண்டு வரி எழுதினேன். தூக்கம் வந்தது. நோட்டை மூடிவிட்டேன்.